லோடு ஏறும்போதா, இறங்கும்போதா? பிராசசர் மின்சாரக் கோளாறுகளை அறிகுறி பார்த்துப் பிடிப்பது

கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது “எந்த நேரத்தில்?” என்றுதான். வீடியோ ரெண்டர் தொடங்கிய நொடியிலா? அரை மணி நேரம் ஓடிய பிறகா? வேலை முடிந்த கையோடா? அல்லது யாரும் தொடாமல் சும்மா கிடக்கும்போதா? நான்கும் பார்க்க ஒன்று போலவே இருக்கும், திரை இருண்டு மறுபடி பயாஸ் (மெஷின் எழும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) லோகோ வரும். ஆனால் நான்குக்கும் காரணம் வேறு, தீர்வும் வேறு. ஒன்றுக்கான மருந்தை இன்னொன்றுக்குக் கொடுத்தால் கோளாறு கூடும்.

லோடு, அதாவது பிராசசர் மேல் விழும் வேலைச் சுமை, எவ்வளவு அதிகமானாலும் அது நிலையாக இருந்தால் மதர்போர்டு பெரும்பாலும் சமாளித்துவிடும். அதைத் திணறடிப்பது லோடு மாறும் கணம். அதனால்தான் பிராசசரை முழு வேலையில் ஓட்டும் ஒரு மணி நேர ஸ்ட்ரெஸ் டெஸ்டில் தேறிய மெஷின், பிரவுசரில் ஒரு டேப் திறக்கும்போது விழுகிறது. இதைப் புரிந்துகொள்ளாமல் பயாஸில் கைவைத்து, நல்ல பிராசசரைப் பழுது என்று ஒதுக்கிவிடுபவர்கள் பலர். ஆகவே அறிகுறிகளுக்குப் போகும் முன் உள்ளே நடப்பதைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

உள்ளே நடப்பது

கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ். தருவது 12 வோல்ட். பிராசசர் கோர்களுக்கு வேண்டியது ஏறக்குறைய 0.7 முதல் 1.4 வோல்ட் வரைதான், ஆனால் மின்னோட்டம் நூறு ஆம்பியரைத் தாண்டும். சாக்கெட்டைச் சுற்றி ஹீட்சிங்குக்கு அடியில் இருக்கும் வி.ஆர்.எம். பகுதிதான் 12 வோல்ட்டை இப்படி மாற்றிக் கொடுக்கிறது. அதிலுள்ள மாஸ்பெட்டுகள் எனும் மின்னணு ஸ்விட்சுகள் 12 வோல்ட்டை நொடிக்குப் பல லட்சம் முறை ஆன் ஆஃப் செய்து வெட்டுகின்றன. காயில்கள் அதைச் சீராக்குகின்றன. மிச்சமிருக்கும் ஏற்ற இறக்கத்தைக் கெபாசிட்டர்கள் ஏற்றுக்கொள்கின்றன. ஒரு மாஸ்பெட் ஜோடியும் ஒரு காயிலும் சேர்ந்தது ஒரு ஃபேஸ். இப்படிப் பல ஃபேஸ்கள் முறை வைத்து வேலை செய்கின்றன.

சும்மா இருந்த பிராசசர் ஒரே பாய்ச்சலில் 100 ஆம்பியர் கூடுதலாகக் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். வி.ஆர்.எம்.மை இயக்கும் கன்ட்ரோலர் சிப் அதை உணர்ந்து காயில்களில் மின்னோட்டத்தை ஏற்றி முடிக்க ஒரே ஒரு மைக்ரோசெகண்ட் ஆனால்கூட, அதுவரை 100 மைக்ரோகூலும் மின்னூட்டம் கெபாசிட்டர்களிலிருந்துதான் வர வேண்டும். வோல்டேஜ் 100 மில்லிவோல்ட்டுக்கு மேல் சரியக்கூடாது என்றால் அதற்கு 1000 மைக்ரோஃபாரட் தேவை. இதை ஒரே இடத்தில் வைத்துப் பயனில்லை. தூரம் கூடக்கூட வந்து சேரத் தாமதமாகும். அதனால் சிலிக்கானுக்குள்ளேயே கொஞ்சம், பிராசசர் பேக்கேஜில் கொஞ்சம், சாக்கெட்டின் நடுவிலும் பின்புறமும் சின்னச் சின்ன செராமிக் கெபாசிட்டர்கள், அவற்றுக்கு வெளியே பெரிய பாலிமர் கெபாசிட்டர்கள் என்று அடுக்கி வைத்திருப்பார்கள். லோடு பாயும்போது முதலில் சிலிக்கானுக்குள் இருப்பவை கொடுக்கும், அடுத்து பேக்கேஜ், பிறகு போர்டு, கடைசியில் காயில்.

இறங்கும்போதுதான் சிக்கல் பெரிது, இதைப் பலர் கவனிப்பதில்லை. காயில் மேல் ஆர்15 என்று அச்சிட்டிருந்தால் அது 0.15 மைக்ரோஹென்றி. ஜோடியில் 12 வோல்ட் பக்கம் இருக்கும் மேல் மாஸ்பெட் ஆன் ஆகியிருக்கும்போது காயிலின் இரு முனைகளுக்கு இடையே 12 கழித்தல் 1.2, அதாவது 10.8 வோல்ட் இருக்கும். மின்னோட்டம் மைக்ரோசெகண்டுக்கு 72 ஆம்பியர் வேகத்தில் ஏறும். லோடு திடீரென விழுந்ததும் மேல் மாஸ்பெட்டை ஆஃப் செய்துவிடலாம். ஆனால் காயிலில் ஓடிக்கொண்டிருக்கும் மின்னோட்டம் சட்டென்று நிற்காது. அதைத் தணிக்க வெளியீட்டிலுள்ள 1.2 வோல்ட் மட்டுமே இருக்கிறது, ஆகவே வேகம் மைக்ரோசெகண்டுக்கு வெறும் 8 ஆம்பியர். ஏறியதில் ஒன்பதில் ஒரு பங்கு வேகம்தான். பிராசசர் வேண்டாம் என்று சொன்ன பிறகும் காயில் தள்ளிக்கொண்டிருக்கிற மின்னோட்டம் கெபாசிட்டரில் போய் ஏறுகிறது, வோல்டேஜ் மேலே எகிறுகிறது.

இந்த இரண்டையும் எல்லைக்குள் வைக்கத்தான் லோடு-லைன் என்ற ஏற்பாடு. லோடு ஏற ஏற வோல்டேஜ் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கட்டும் என்று வேண்டுமென்றே விட்டுவிடுவது. இன்டெல் 12-ஆம் தலைமுறை உயர்ரக டெஸ்க்டாப் பிராசசர்களுக்கு இது 1.1 மில்லிஓம். 150 ஆம்பியர் ஓடினால் 165 மில்லிவோல்ட் இறக்கம். பயாஸில் 1.40 வோல்ட் வைத்து, முழு லோடில் 1.235 காட்டினால் போர்டு ஏமாற்றுகிறது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் போர்டு செய்ய வேண்டியதைத்தான் செய்கிறது. லோடில் ஏற்கெனவே கீழே இருப்பதால், லோடு விழும் கணத்தில் எகிறுவதற்கு மேலே இடம் இருக்கிறது.

எதையும் மாற்றும் முன்

பயாஸை ஒரு முறை டீஃபால்டுக்குக் கொண்டுவாருங்கள். ஓவர்க்ளாக் (வேகத்தைக் கூட்டுவது), அண்டர்வோல்ட் (வோல்டேஜைக் குறைப்பது), ரேமை வேகமாக ஓட்டும் எக்ஸ்.எம்.பி. அல்லது எக்ஸ்போ எல்லாமே அணைந்திருக்கட்டும். அதற்குப் பிறகும் கோளாறு அப்படியே இருந்தால் உங்கள் செட்டிங் காரணமில்லை. போய்விட்டால் எக்ஸ்.எம்.பி.யை மட்டும் முதலில் போட்டுப் பாருங்கள். பிராசசர் வோல்டேஜ் மேல் பழி விழும் கோளாறுகளில் பல கடைசியில் ரேமாக இருக்கும்.

அடுத்தது விண்டோஸ் ஈவென்ட் வியூவர். கெர்னல்-பவர் 41 என்பது ‘ஒழுங்காக ஷட்டவுன் ஆகவில்லை’ என்ற செய்தி மட்டுமே, காரணத்தைச் சொல்லாது. அதற்குள் பக்செக் கோடு (ப்ளூ ஸ்கிரீனின் பிழை எண்) 0 என்றிருந்தால் ப்ளூ ஸ்கிரீன் எதுவும் பதிவாகாமலேயே மெஷின் நின்றிருக்கிறது. வன்பொருள் பிழைகளைக் குறித்துவைக்கும் வியா-லாகரின் 18-ஆம் எண் பதிவு இருந்தால் பிராசசரே ஒரு பிழையைக் கண்டுபிடித்து அறிவித்திருக்கிறது. வியா-லாகர் 19 என்றால் பிழை வந்து திருத்தப்பட்டிருக்கிறது, அதாவது விளிம்பில் ஓடிக்கொண்டிருக்கிறீர்கள்.

ஹெச்டபிள்யூஇன்ஃபோ போன்ற மென்பொருளில் காட்டும் விகோர் (கோர் வோல்டேஜ்) எண்ணைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அது பொதுவாக 2 நொடிக்கு ஒரு முறைதான் படிக்கிறது. நாம் பேசுவதோ மைக்ரோசெகண்டில் வந்துபோகும் சரிவு. ஆகவே அந்தச் சரிவு அதில் ஒருபோதும் தெரியாது. ‘மினிமம்’ பத்தியில் 1.21 என்றிருந்தால் 1.21-க்குக் கீழே போகவில்லை என்று எடுத்துக்கொள்ள முடியாது. அதோடு, சில போர்டுகளில் சென்சார் எடுக்கும் புள்ளி பிராசசருக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கும். அங்கே லோடில் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். வி.ஆர். விஅவுட் என்றோ, ஏ.எம்.டி.யின் ரைசன் பிராசசரில் எஸ்.வி.ஐ. என்றோ வரும் எண் இருந்தால் அதை நம்புங்கள். சரிவை நேரில் பார்க்க ஆசிலோஸ்கோப் வேண்டும். மல்டிமீட்டர் முனையை சாக்கெட்டின் பின்புறம் வைத்துப் பார்க்க முயலாதீர்கள். அங்கே கெபாசிட்டர்கள் நெருக்கமாக இருக்கின்றன, முனை கொஞ்சம் வழுக்கினாலும் ஷார்ட் ஆகிப் பிராசசரே போய்விடலாம்.

அறிகுறி: கனமான வேலை தொடங்கிய நொடியில் விளக்கணைந்தது போல் நிற்கிறது

ப்ளூ ஸ்கிரீன் இல்லை, வியா பதிவு இல்லை, பக்செக் கோடு 0. இப்படியென்றால் முதலில் 12 வோல்ட் பக்கம் பாருங்கள்.

நின்ற பிறகு பவர் பட்டனை அழுத்தினாலும் எழாமல், எஸ்.எம்.பி.எஸ். பின்புற ஸ்விட்சை ஆஃப் செய்து சிறிது நேரம் கழித்து ஆன் செய்தால்தான் எழுகிறதா? அப்படியானால் ஏதோ ஒரு பாதுகாப்புச் சுற்று வேலை செய்து பூட்டிக்கொண்டிருக்கிறது. பெரும்பாலும் எஸ்.எம்.பி.எஸ்.-இல், சில வேளை வி.ஆர்.எம்.மில். பிராசசரை மட்டும் சோதிக்கும் பிரைம்95 அல்லது சினிபெஞ்சில் நிற்காமல், கேம் ஓடும்போது மட்டும் நிற்கிறதென்றால் சந்தேகத்தைக் கிராஃபிக்ஸ் கார்டுக்கு மாற்றுங்கள். அதன் திடீர்ப் பாய்ச்சல்கள் பிராசசரைவிடப் பெரியவை. 2022-இல் வந்த ஏ.டி.எக்ஸ். 3.0 விதிமுறை, எஸ்.எம்.பி.எஸ். தன் அளவில் 200 சதவீதத்தை 100 மைக்ரோசெகண்ட் தாங்க வேண்டும் என்று கேட்டதே இதற்காகத்தான்.

பிராசசர் சோதனையிலேயே நிற்கிறதென்றால், போர்டின் மேல் இடது மூலையில் செருகியிருக்கும் 8 பின் சிபியு பவர் கேபிளைக் கழற்றிப் பாருங்கள். எளிதாகத் தப்பிவிடும் இடம் இது. கணக்குப் போட்டால் காரணம் தெரியும். கோர் ஐ9 13900கே குறுகிய நேரத்துக்கு எடுக்க அனுமதிக்கப்பட்டது 253 வாட். வி.ஆர்.எம். 90 சதவீதத் திறனில் ஓடினால் 12 வோல்ட்டிலிருந்து 281 வாட் இழுக்கும், அதாவது 23 ஆம்பியருக்குக் கொஞ்சம் மேல். 8 பின்னில் நான்கு 12 வோல்ட் வயர்கள். ஒவ்வொன்றிலும் 6 ஆம்பியர், கவலையில்லை. 4+4 ஆகப் பிரியும் கேபிளில் பாதியை மட்டும் செருகியிருந்தால், அல்லது ஒரு பாதி முழுதாகப் பூட்டிக்கொள்ளாமல் இருந்தால், இரண்டு வயர்களில் தலா 12 ஆம்பியர் போகும். கனெக்டரின் பின்கள் சூடாகும், ஸ்பிரிங் தளரும், கான்டாக்ட் எதிர்ப்பு கூடும். அப்புறம் ஒவ்வொரு பாய்ச்சலிலும் வி.ஆர்.எம்.முக்கு வரும் 12 வோல்ட்டே சரியும். பிளக் மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறியிருந்தால் கேபிளை மாற்றுங்கள். ஆனால் ஒன்று, மாடுலர் எஸ்.எம்.பி.எஸ். கேபிள்கள் பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி, மாடலுக்கு மாடல் பின் வரிசை மாறும். வேறு எஸ்.எம்.பி.எஸ். கேபிளைச் செருகினால் போர்டு எரிய வாய்ப்பிருக்கிறது. மோலெக்ஸிலிருந்தோ சாட்டாவிலிருந்தோ சிபியு பவர் எடுக்கும் அடாப்டர்களை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

12 வோல்ட் 11.4-க்கும் 12.6-க்கும் இடையில் இருக்க வேண்டும் என்பது விதி. லோடு ஏற்றும்போது மல்டிமீட்டரில் 11.6-க்கு வந்துவிட்டால் விதிக்குள்தான் இருக்கிறது, ஆனாலும் மீட்டருக்குத் தெரியாத நொடிப்பொழுதில் அது இன்னும் கீழே போயிருக்கும். வேறொரு நல்ல எஸ்.எம்.பி.எஸ். மாட்டிப் பார்ப்பதுதான் இங்கே தெளிவான சோதனை. எஸ்.எம்.பி.எஸ்.-ஐத் திறக்க வேண்டாம். அணைத்த பிறகும் உள்ளே உயிருக்கு ஆபத்தான மின்னூட்டம் தங்கியிருக்கும்.

நிற்பதற்குப் பதில் ப்ளூ ஸ்கிரீன் வருகிறது, அல்லது வியா 18 பதிவாகிறது என்றால் 12 வோல்ட் பக்கத்தை விடுங்கள். அது கோர் வோல்டேஜ் தேவைக்குக் கீழே சரிந்ததன் அடையாளம். அண்டர்வோல்ட் செய்திருந்தால் அதைத் தளர்த்துங்கள்.

அறிகுறி: வேலை முடியும் கணத்தில், அல்லது லோடு விட்டு விட்டு வரும்போது விழுகிறது

சினிபெஞ்ச் முழுதாக ஓடி, மதிப்பெண் வரும் நொடியில் ப்ளூ ஸ்கிரீன். ரெண்டர் ஒரு ஃபிரேம் முடித்து அடுத்ததைத் தொடங்கும் இடைவெளியில் ஹேங். பிரைம்95-ஐ நிறுத்தும் பட்டனை அழுத்தியதும் ஃப்ரீஸ். இப்படி வந்தால் பயாஸில் எல்.எல்.சி., அதாவது லோடு-லைன் கேலிப்ரேஷன் என்ன நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். ஓவர்க்ளாக் செய்பவர்கள் வீடியோ பார்த்து அதை உச்சத்தில் வைத்திருப்பார்கள்.

எல்.எல்.சி.யை ஏற்றுவது என்றால் மேலே சொன்ன அந்த வேண்டுமென்றே விட்ட இறக்கத்தை ரத்து செய்வது. உச்ச நிலையில் லோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் வோல்டேஜ் ஒரே கோடாக நிற்பதுபோல் மென்பொருளில் தெரியும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் காயிலும் கெபாசிட்டரும் மாறவில்லை. 100 ஆம்பியர் பாயும் அந்த மைக்ரோசெகண்டில் ஏற்படும் சரிவு எல்.எல்.சி. எதில் இருந்தாலும் ஏறத்தாழ அதேதான்.

இப்போது இரண்டு மெஷின்களை ஒப்பிடுங்கள். இரண்டும் முழு லோடில் 1.235 வோல்ட் காட்டுகின்றன. முதலாவதில் லோடு-லைன் இயல்பானது, லோடு இல்லாதபோது 1.40. இரண்டாவதில் எல்.எல்.சி. உச்சம், லோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் 1.235. முதலாவதில் லோடு பாயும்போது வோல்டேஜ் 1.40-இலிருந்து சரிந்து தான் தங்க வேண்டிய 1.235-க்கு அருகிலேயே வந்து நிற்கும். இரண்டாவதில் 1.235-இலிருந்து தொடங்கிக் கீழே குதித்து, பிறகு கன்ட்ரோலர் இழுத்து மேலே கொண்டுவரும். பிராசசர் சந்தித்த மிகக் குறைந்த வோல்டேஜ் இரண்டாவதில்தான். மென்பொருள் இரண்டுக்கும் ஒரே எண்ணைக் காட்டுகிறது. ஸ்ட்ரெஸ் டெஸ்ட் நிலையான லோடு என்பதால் இரண்டும் தேறும். அன்றாட வேலையில் இரண்டாவது விழும்.

இன்னொரு வகையினர் பயாஸில் 1.40-ஐ அப்படியே விட்டுவிட்டு எல்.எல்.சி.யை மட்டும் உச்சத்துக்கு ஏற்றுவார்கள். அவர்களுக்கு லோடிலும் 1.40, வெப்பம் தாறுமாறு. லோடு விழும்போது காயிலில் மிச்சமிருக்கும் மின்னோட்டம் 1.40-க்கும் மேலே தள்ளும். இது விழவைப்பதோடு நிற்காமல் நாளடைவில் சிலிக்கானைத் தேய்க்கும்.

செய்ய வேண்டியது இதுதான். எல்.எல்.சி.யை ஆட்டோவுக்கோ நடு நிலைக்கோ இறக்குங்கள். லோடில் வோல்டேஜ் போதவில்லை என்றால் அடிப்படை வோல்டேஜை 10, 20 மில்லிவோல்டாக ஏற்றுங்கள், எல்.எல்.சி.யைத் தொடாதீர்கள். எண்களைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், கம்பெனிக்குக் கம்பெனி திசை மாறும். அசூஸ் போர்டுகளில் எண் கூடினால் இறக்கம் குறையும், லெவல் 8 தட்டையானது. எம்.எஸ்.ஐ.யில் மோட் 1 தட்டையானது, எண் கூடக்கூட இறக்கம் கூடும். அஸ்ராக்கிலும் லெவல் 1தான் தட்டை. ஜிகாபைட் லோ, மீடியம், ஹை, டர்போ, எக்ஸ்ட்ரீம் என்று பெயர் வைக்கிறது. ஒரு போர்டுக்குச் சொன்ன ‘லெவல் 4’-ஐ இன்னொன்றில் வைத்தால் தலைகீழாகப் போகும். பயாஸில் பக்கத்தில் சின்ன வரைபடம் இருந்தால் அதைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

சரி, தீர்ந்ததா என்று எப்படிச் சோதிப்பது? நிலையான லோடு இதற்கு உதவாது, ஏற்றி இறக்க வேண்டும். ஓ.சி.சி.டி. என்ற சோதனை மென்பொருளில் லோடை மாற்றிக்கொண்டே இருக்கும் தேர்வு உண்டு. ஒய்-க்ரஞ்சரின் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் ஒரு கணக்கு முறையிலிருந்து அடுத்ததற்குத் தாவும்போது நல்ல பாய்ச்சலைத் தரும். எதுவும் இல்லாவிட்டால் பிரைம்95-இல் ஸ்மால் எஃப்.எஃப்.டி.யைத் தொடங்கி, சில நொடி விட்டு நிறுத்தி, மறுபடி தொடங்கி, இப்படியே கொஞ்ச நேரம் கையால் செய்தாலே போதும்.

அறிகுறி: சும்மா இருக்கும்போது ஃப்ரீஸ், அல்லது லேசான வேலையில் ரீஸ்டார்ட்

லோடே இல்லாதபோது மின்சாரக் கோளாறு எப்படி வரும் என்று பலர் இதை நம்புவதில்லை. லேசான வேலையில்தான் பிராசசர் ஒன்றிரண்டு கோர்களை உச்ச வேகத்துக்குத் தூக்கும், வேலை முடிந்ததும் அவற்றை அப்படியே தூங்கவைக்கும். நொடிக்குப் பல முறை இது நடக்கும்.

ரைசனில் கர்வ் ஆப்டிமைசர் (கோருக்குக் கோர் வோல்டேஜைக் குறைக்கும் செட்டிங்) போட்டிருந்தால் அதை முதலில் சந்தேகியுங்கள். ஒரு எண்ணிக்கை என்பது 3 முதல் 5 மில்லிவோல்ட். எல்லாக் கோருக்கும் மைனஸ் 30 வைத்தால் 90 முதல் 150 மில்லிவோல்ட் வரை பிடுங்குகிறீர்கள். முழு லோடில் வேகம் குறைவாக இருப்பதால் தாங்கும். ஒற்றைக் கோர் உச்சத்துக்குத் தாவும்போது தாங்காது. வியா 18-இல் வரும் ஏபிக் ஐடி எந்தக் கோர் என்று காட்டிக்கொடுக்கும். 8 கோர் ரைசனில் 0, 1 என்றால் முதல் கோர், 2, 3 என்றால் இரண்டாவது, இப்படி. எல்லாவற்றையும் தளர்த்தாமல் அந்தக் கோரை மட்டும் தளர்த்தினால் போதும். கோர்சைக்ளர் என்ற இலவச ஸ்கிரிப்ட் கோர்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கும். இரவு ஓடவிட்டுக் காலையில் பாருங்கள்.

எதையும் மாற்றாத மெஷினில் இது வந்தால் தூக்க நிலைகளைப் பாருங்கள். பிராசசர் ஆழ்ந்து தூங்கும்போது 12 வோல்ட்டில் இழுப்பது மிகவும் குறைந்துவிடும். 2013-இல் ஹாஸ்வெல் வந்தபோது 12 வோல்ட் சிபியு வழியில் லோடு 0.05 ஆம்பியர் வரை இறங்கும் என்று இன்டெல் சொன்னது. பழைய வடிவமைப்பில் இருந்த பல எஸ்.எம்.பி.எஸ்.-கள் அவ்வளவு குறைந்த லோடில் நிலைத்து நிற்கவில்லை. ரைசன் போர்டுகளில் ‘பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல்’ என்ற செட்டிங் இருப்பதும் இதற்காகத்தான். அதை ‘டிபிகல் கரன்ட் ஐடில்’ என்று மாற்றிப் பாருங்கள். முதல் தலைமுறை ரைசனில் லினக்ஸ் ஓட்டியவர்கள் பலருக்கு ஃப்ரீஸ் இதனால் நின்றது. இன்டெல்லில் சி-ஸ்டேட்டுகள் எனும் இந்தத் தூக்க நிலைகளைச் சில நாள் அணைத்துப் பாருங்கள். ஃப்ரீஸ் நின்றால் காரணம் கிடைத்துவிட்டது. அதையே நிரந்தரத் தீர்வாக வைத்துக்கொள்ள வேண்டாம். பயாஸ் அப்டேட்டோ வேறு எஸ்.எம்.பி.எஸ்.-ஓ போட்டுவிட்டு மறுபடி ஆன் செய்யுங்கள், மின்சாரமும் மிச்சம்.

‘ஃபேஸ் கன்ட்ரோல்’ என்ற செட்டிங் இருந்தால் அதையும் ஒரு முறை பாருங்கள். லேசான லோடில் போர்டு சில ஃபேஸ்களை அணைத்துவைத்துத் திறனை மிச்சம் பிடிக்கும். லோடு பாயும்போது அவற்றை எழுப்ப வேண்டும். எல்லா ஃபேஸும் எப்போதும் ஓடும்படி வைத்து ஃப்ரீஸ் நிற்கிறதா என்று பார்த்தால் ஒரு சந்தேகம் கழியும்.

அறிகுறி: விழவில்லை, ஆனால் வேகம் குறைந்துவிட்டது

அண்டர்வோல்ட் செய்த பிறகு வெப்பநிலை அருமையாக இறங்கிவிட்டது, கடிகார வேகமும் அப்படியே காட்டுகிறது, ஆனால் சினிபெஞ்ச் மதிப்பெண் மட்டும் குறைந்திருக்கிறது. ஹெச்டபிள்யூஇன்ஃபோவில் ‘எஃபெக்டிவ் க்ளாக்’ வரியைப் பாருங்கள். முழு லோடில் மேலே 4700 என்று காட்டி, எஃபெக்டிவ் 4200 என்றிருந்தால், பிராசசர் வோல்டேஜ் சரிவை உணர்ந்து தன் கடிகாரத் துடிப்புகளை நீட்டிக்கொண்டிருக்கிறது. விழுவதற்குப் பதில் மெதுவாக ஓடுகிறது. இன்டெல் 12-ஆம் தலைமுறையிலிருந்து சி.இ.பி. என்ற பாதுகாப்பு இதே காரியத்தைச் செய்கிறது. மதிப்பெண்ணுக்காக அதை அணைத்துவிடச் சொல்பவர்கள் நிறைய. நான் அதை ஏற்பதில்லை. திடீர்ப் பாய்ச்சலில் காப்பாற்றவே வைத்த காவலை அணைப்பதைவிட, அண்டர்வோல்ட்டைப் பத்துப் பத்து மில்லிவோல்டாகத் தளர்த்தி மதிப்பெண் திரும்பும் இடத்தில் நிறுத்துவது நல்லது.

வேகம் ஒரேயடியாக 800 மெகாஹெர்ட்ஸ் அளவுக்கு விழுந்து, சில நொடியில் மீண்டு, மறுபடி விழுகிறதா? பிராசசர் வெப்பநிலை 70-தான் என்றால் சூடாகியிருப்பது வி.ஆர்.எம். அது 100 டிகிரியைத் தாண்டிப்போகும்போது போர்டு பிராசசருக்கு ‘குறை’ என்று சிக்னல் கொடுக்கிறது. ஹீட்சிங்க் இல்லாத விலை குறைந்த போர்டில் உயர்ரக பிராசசர் மாட்டியவர்களுக்கும், லிக்விட் கூலர் மாட்டியவர்களுக்கும் இது அதிகம் வரும். காற்றுக் கூலரின் விசிறி வி.ஆர்.எம். மேலும் கொஞ்சம் வீசும், லிக்விட் கூலரில் அது கிடையாது. சித்திரை வெயிலில் அறையே 36, 37 டிகிரி இருக்கும்போது மார்கழியில் வராத கோளாறு வரும். வி.ஆர்.எம். பக்கம் ஒரு சின்ன விசிறி வைத்துப் பாருங்கள். இல்லாவிட்டால் பயாஸில் பி.எல்.1, பி.எல்.2 என்ற மின்சார வரம்புகள் இரண்டையும் 125 வாட்டாக வையுங்கள். சில சதவீத வேகம் போகும், விழுந்து எழும் ஆட்டம் நிற்கும்.

அறிகுறி: 13, 14-ஆம் தலைமுறை இன்டெல்லில் கேம் திறக்கும்போது விசித்திரப் பிழைகள்

ஷேடர் (கேமின் கிராஃபிக்ஸ் நிரல்) கம்பைல் ஆகும்போது ‘வீடியோ மெமரி போதவில்லை’ என்று செய்தி வந்து கேம் மூடிக்கொள்கிறது, கார்டில் மெமரி தாராளமாக இருக்கிறது. டிரைவர் இன்ஸ்டால் செய்யும்போது கோப்பைப் பிரிக்க முடியவில்லை என்கிறது. முன்பு நன்றாக ஓடிய மெஷின், நாள் போகப்போக மோசமாகிறது. கிராஃபிக்ஸ் கார்டை மாற்றி அலைய வேண்டாம்.

இன்டெல் 2024-இல் வெளியிட்ட விளக்கத்தின்படி, பிராசசர் அளவுக்கு மீறிய வோல்டேஜைக் கேட்டு வாங்கியதால், அதோடு வெப்பமும் சேர்ந்து, கோருக்குள் இருக்கும் கடிகாரச் சுற்று முன்கூட்டியே மூப்படைகிறது. அதனால் அது இயங்கத் தேவையான குறைந்தபட்ச வோல்டேஜ் மேலே நகர்ந்துவிடுகிறது. ஆகஸ்ட் 2024-இல் 0எக்ஸ்129, செப்டம்பரில் 0எக்ஸ்12பி, 2025 மே மாதம் 0எக்ஸ்12எஃப் என்று மைக்ரோகோடுகள் (பிராசசருக்குள் ஓடும் நிரலின் திருத்தங்கள்) வந்தன. 0எக்ஸ்12பி, சும்மா இருக்கும்போதும் லேசான வேலையிலும் வரும் உயர் வோல்டேஜ் கோரிக்கைகளைக் கட்டுப்படுத்துவது. இவை பயாஸ் அப்டேட்டில் வரும். அப்டேட் செய்த பின் ‘இன்டெல் டீஃபால்ட் செட்டிங்ஸ்’-ஐத் தேர்ந்தெடுங்கள்.

மைக்ரோகோடு தேய்மானத்தைத் தடுக்கும், ஏற்கெனவே தேய்ந்ததைத் திருப்பித் தராது. அப்டேட்டுக்குப் பிறகும் பிழை வந்தால், பெர்ஃபார்மன்ஸ் கோரின் வேகத்தைத் தீர்மானிக்கும் மல்டிப்ளையரை இரண்டு மூன்று படி இறக்கிப் பாருங்கள். பிழை நின்றால் சிலிக்கான் தேய்ந்துவிட்டது என்று கிட்டத்தட்ட உறுதி. அதை அப்படியே ஓட்டிக்கொண்டிருக்காமல் வாரன்டியில் மாற்றக் கேளுங்கள். பாதிக்கப்பட்ட பாக்ஸ் பிராசசர்களுக்கு இன்டெல் வாரன்டியை 2 ஆண்டு கூட்டி 5 ஆண்டாக ஆக்கியிருக்கிறது.

அறிகுறி: போர்டிலிருந்து கீச்சுச் சத்தம்

மவுசை நகர்த்தினால், பக்கத்தைச் ஸ்க்ரோல் செய்தால் மெல்லிய சத்தம். லோடு ஏறி இறங்கும் வேகம் காது கேட்கும் அளவுக்குள் வரும்போது காயிலும் செராமிக் கெபாசிட்டரும் அதிர்கின்றன. பழுது இல்லை. சத்தம் பிராசசர் பக்கம்தானா, கிராஃபிக்ஸ் கார்டா, எஸ்.எம்.பி.எஸ்.-ஆ என்று ஒரு தாளைக் குழலாகச் சுருட்டிக் காதில் வைத்துத் தேடலாம்.

அறிகுறி: பழைய போர்டு, முன்பு தாங்கிய லோடை இப்போது தாங்கவில்லை

சாக்கெட்டைச் சுற்றியுள்ள கெபாசிட்டர்களின் தலையைப் பாருங்கள். திரவ எலக்ட்ரோலைட் வகையில் தலை உப்பியிருந்தாலோ பழுப்பாகக் கசிந்திருந்தாலோ காரணம் அதுதான். 2000-களின் தொடக்கத்தில் வந்த போர்டுகள் கூட்டம் கூட்டமாக இப்படிப் போயின. உப்பாமலேயே உள் எதிர்ப்பு (ஈ.எஸ்.ஆர்.) கூடியிருக்கவும் கூடும், அதை அளக்க ஈ.எஸ்.ஆர். மீட்டர் வேண்டும். மாற்றுவதானால் அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது கூடுதல் வோல்ட், குறைந்த ஈ.எஸ்.ஆர். உள்ளதாகப் பாருங்கள். சாதாரண வகையைப் போட்டால் மெஷின் எழும், பாய்ச்சலில் மறுபடி விழும். பாலிமர் கெபாசிட்டர் உள்ள இன்றைய போர்டுகளில் இந்தக் கோளாறு அரிது.

இவ்வளவும் பார்த்த பிறகும் கோளாறு நீடித்து, போர்டை சர்வீசுக்குக் கொண்டுபோவதானால், ‘ரீஸ்டார்ட் ஆகிறது’ என்று மட்டும் எழுதிக் கொடுக்காதீர்கள். எந்த வேலையில், லோடு ஏறும்போதா இறங்கும்போதா சும்மா இருக்கும்போதா, பக்செக் கோடு என்ன, வியா பதிவில் எந்த ஏபிக் ஐடி, எந்த எஸ்.எம்.பி.எஸ். மாற்றிப் பார்த்தீர்கள், பயாஸ் பதிப்பு என்ன என்று ஒரு தாளில் எழுதி போர்டோடு சேர்த்துக் கொடுங்கள். சர்வீஸ் மேசையில் நிலையான லோடில் ஓடவிட்டு ‘பழுது எதுவும் இல்லை’ என்று திருப்பி அனுப்பிவிடும் வாய்ப்பு அதிகம். அதனால், லோடை ஏற்றி இறக்கிச் சோதிக்கவும் என்று அந்தத் தாளின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.